இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம்

இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம், இந்நாட்டில் உருவாகிய திரைப்படங்களையும் அவற்றைச் சார்ந்த நிழற்படங்கள், சுவரொட்டிகள், பாட்டுப் புத்தகங்கள், இசைத்தட்டுகள் முதலியவற்றையும் தேடிச் சேகரித்துக் காக்கும் பொருட்டு, மத்திய சர்க்காரின் செய்தி ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ், 1964 பிப்ரவரியில் புனே நகரில் ஸ்தாபிக்கப்பட்டது. தாதாசாகிப் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ திரையேறிய 1913இலிருந்து கணக்கிட்டால் அரை நூற்றாண்டு பிந்திப் பிறந்த ஸ்தாபனம் இது. அந்தத் தாமதத்துக்குப் பரிகாரம் தேடியதே இதன் சரித்திரத்தில் பெரும்பகுதி.

முற்காலப் படச்சுருள் நைட்ரேட் வகையைச் சார்ந்தது. அது எளிதில் தீப்பற்றுவதோடு, எரியும்போது வேண்டிய பிராணவாயுவையும் தானே வெளியிட்டுக்கொள்வதால், நீரில் அமிழ்த்தினாலும் அணையாது. தீக்குத் தப்பியது வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்து நாளடைவில் பொடியாகும். இவ்விரண்டுக்கும் தப்பியவற்றை, மேற்பூச்சிலுள்ள வெள்ளிக்காக எடைபோட்டு வாங்கிக் கரைத்தவர்கள் உண்டு. ஓட்டம் முடிந்த படம் தயாரிப்பாளருக்கு இடத்தை அடைக்கும் பாரமாகவே தோன்றியமையால், விற்றவரை முற்றும் குறைகூறுவதற்கில்லை. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசகவதம்’ இன்றில்லை; 1931இல் வெளிவந்த முதல் இந்தியப் பேசும்படமாகிய ‘ஆலம் ஆரா’வும், அதே ஆண்டு டி. பி. ராஜலக்ஷ்மி நடித்த ‘காளிதாஸ்’ படமும் இல்லை. பேசும்படத்தில் ஒலியும் படச்சுருளின் ஓரத்திலேயே பதிவாகியிருந்தமையால், உருவம் அழிந்தபோது குரலும் உடன் அழிந்தது.

காப்பகத்தை உருவாக்கியவர் என்று சொல்லத்தக்கவர் பி. கே. நாயர். 1965இல் உதவிக் காப்பாளராகச் சேர்ந்து, 1982இல் இயக்குநராகி, 1991இல் ஓய்வுபெற்ற அவர், தரம் பார்த்துப் பொறுக்குவது காப்பாளன் தொழிலன்று என்ற கொள்கையுடையவராய், சுமார் 12,000 படங்களைத் திரட்டினார். பால்கேயின் படங்களில் எஞ்சிய பகுதிகளை அவருடைய குடும்பத்தாரிடமிருந்து பெற்றதும் அவரே.

நாயர் காலத்தில் கிடைத்தவற்றுள் ‘மார்த்தாண்ட வர்மா’ விசேஷமானது. சி. வி. ராமன் பிள்ளையின் நாவலை, பதிப்பாளரின் அனுமதி பெறாமலே நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தரராஜ் படமாக்க, 1933இல் திருவனந்தபுரத்தில் அது திரையிடப்பட்டதும் வழக்கு மூண்டு, காட்சி நின்று, சுருள்கள் பதிப்பாளர் வசம் முடங்கின. ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்திருக்க வேண்டிய பேசாப் படம், வழக்கில் சிக்கியதால் பிழைத்து, 1974இல் காப்பகத்தை வந்தடைந்தது. தேடிக் காத்த கலைப்பிரியர்களைவிட ஒரு காப்புரிமைத் தகராறு இங்கே அதிகம் சாதித்துவிட்டது.

சேர்த்தவையும் நிலைத்துவிடவில்லை. 2003 ஜனவரி 8ஆம் தேதி, புனே திரைப்படக் கல்லூரி வளாகத்திலிருந்த கிடங்கில் தீப்பற்றி, நைட்ரேட் சுருள்கள் பல சாம்பலாயின. பின்னர்த் தேசியத் திரைப்பட மரபுத் திட்டத்தின் கீழ்ப் பழுதுபார்த்தலும் எண்முறைப் பிரதியாக்கமும் விரிவடைந்தன. 2022இல் காப்பகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது.

படங்களைச் சேகரிக்கும் வேலைக்குச் சட்டத்தின் துணை மட்டும் இன்னும் இல்லை. அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் குறிப்பிட்ட பொது நூலகங்களுக்கு அனுப்பவேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. திரைப்படத்துக்கு அத்தகைய கட்டாயம் இந்நாட்டில் இல்லாமையால், தயாரிப்பாளரின் மனமிசைந்தாலன்றி அவர் படம் காப்பகத்தின் கதவருகே வருவதில்லை.