ஆட்டின் ரத்தம் சொன்ன சேதி



காய்ச்சல் ஒரு வாரம் நீடித்தால் நம் புதுச்சேரியில் "வைடால் டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்பார்கள். அது ஒரு பிரெஞ்சு மருத்துவரின் பெயர். பிரெஞ்சு தெரிந்த நம்மவர்கள் 'விதால்' என்பார்கள். டைபாய்டு நோயாளியின் ரத்தத்தில் பிரியும் தெளிநீரோடு டைபாய்டு கிருமிகளைக் கலந்தால், கிருமிகள் கட்டிகட்டியாகத் திரளும். இதை வைத்து நோயைக் கண்டறியலாம் என்று அவர் 1896-இல் பாரிசில் காட்டினார். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடிதான் அவற்றைத் திரள வைக்கிறது.

மறு ஆண்டே இங்கிலாந்தில் ஆல்ம்ராத் ரைட் இதே முறையை மால்டா காய்ச்சலுக்குப் பயன்படுத்தினார். மால்டா மத்தியதரைக் கடலில் உள்ள சிறு தீவு. அங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலியால் படுத்தார்கள். டேவிட் புரூஸ் 1887-இல் கிருமியை அறிவித்துவிட்டார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது பல ஆண்டுகள் பிடிபடவில்லை. கொசுவா, தூசியா, சாக்கடையா என்று தேடினார்கள்.

1905-இல் மால்டாக்காரரான மருத்துவர் தெமிஸ்டோகிளிஸ் சம்மிட் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். நன்றாக மேய்ந்து, நன்றாகப் பால் கொடுத்த ஆடுகள் அவை. அவற்றின் ரத்தத்திலும் கிருமிகள் திரண்டன! பாலிலும் கிருமி இருந்தது. அங்கே ஆட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து கொடுப்பார்கள். கண்ணெதிரே கறந்த பால் சுத்தமானது என்று ஊரே நம்பியிருந்தது.

1906-இல் ராணுவத்தில் ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள். சிப்பாய்களிடம் காய்ச்சல் மளமளவெனக் குறைந்தது. காய்ச்சாத பாலைத் தொடர்ந்து குடித்த பொதுமக்களிடமோ நோய் பல பத்தாண்டுகள் நீடித்தது.

அந்த நோய்தான் இன்றைய புரூசெல்லோசிஸ். நம் கால்நடை மருத்துவர்கள் 'கன்று வீச்சு நோய்' என்பார்கள். சினைமாடு கடைசி மாதங்களில் கன்று வீசினால் சந்தேகப்பட வேண்டும். இன்று 'ரோஸ் பெங்கால்' என்ற சோதனை இருக்கிறது. ஒரு சொட்டு தெளிநீரும் ஒரு சொட்டு ரோஜா நிற மருந்தும் கலந்தால் நாலு நிமிடத்தில் முடிவு தெரியும். ஆனால் ஆன்டிபாடி பழைய நோயின் சுவடாகவும் இருக்கலாம். அதனால் மருத்துவர் வேறு சோதனையும் செய்தே உறுதிப்படுத்துவார்.

பாகூர், வில்லியனூர் பக்கம் மாடு வளர்க்கும் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், ஆழமாகப் புதையுங்கள். 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுக்கு ஒருமுறை தடுப்பூசி போடுங்கள். 2019-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் இதுவும் உண்டு. சந்தேகம் இருந்தால் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள்.

உங்களுக்கே காய்ச்சல் நீடித்து, இடுப்பும் மூட்டும் வலித்தால், "வீட்டில் மாடு, ஆடு இருக்கிறது" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்கு இந்தச் சோதனை நினைவுக்கு வரும்.

கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடித்தால் பலம் என்று பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பெரியவர்களே, பொங்கக் காய்ச்சிக் கொடுங்கள். அது போதும்.