பற்றவைத்ததைப் பிரித்தல்



தோட்டப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய என் தந்தையார் விட்டுச்சென்ற மோரிஸ் மைனர் மகிழுந்து எங்கள் வீட்டுக் கொட்டகையில் நெடுநாளாக நிற்கிறது. சென்ற பள்ளி விடுமுறையில் அதன் கதவுக்கு அடியில் ஓடும் தகட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே சென்றது! அந்த அளவுக்குத் துரு தின்றிருந்தது. “பெயர்த்து எறிந்துவிட்டுப் புதிய தகட்டை வைத்துவிடலாமே” என்றேன். பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் முதியவர் தலையை ஆட்டி மறுத்தார். “அப்படிப் பெயர்த்தால் வண்டியே வளைஞ்சிடும், சார்” என்றார்.

ஒரு தகட்டை எடுத்தால் முழு வண்டியும் ஏன் வளைய வேண்டும்? விடை வரலாற்றில் இருக்கிறது.

தொடக்க கால மகிழுந்துகளில் பாரம் முழுவதையும் அடியிலிருந்த கனமான சட்டமே தாங்கியது. அதன்மேல் அமர்ந்த உடற்கூடு பெரும்பாலும் மரச்சட்டத்தின்மீது தகடு போர்த்தியதாகும். பழுதுற்ற தகட்டை ஆணி பிடுங்கிக் கழற்றிவிடலாம். 1886ஆம் ஆண்டில் எலிஹு தாம்சன் என்பார் மின்தடைப் பற்றவைப்புக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இரு தகடுகளைச் செம்பு முனைகளுக்கு இடையே இறுக்கி மின்சாரம் பாய்ச்சினால், அந்த ஒரு புள்ளி மட்டும் உருகி ஒன்றாகிவிடும். இவ்வாறு தோன்றியதே ‘ஸ்பாட் வெல்டிங்’ எனும் புள்ளிப் பற்றவைப்பு. 1912இல் பிலடெல்பியாவில் நிறுவனம் தொடங்கிய எட்வர்ட் பட், எஃகுத் தகடுகளைப் பற்றவைத்தே முழு உடற்கூட்டையும் உருவாக்கினார். 1934இல் வெளிவந்த சித்ரோவன் நிறுவனத்தின் ‘திராக்சியோன் அவான்’ மகிழுந்தில் தனிச்சட்டமே இல்லை. உடற்கூடே சட்டமாயிற்று.

மோரிஸ் மைனரும் அவ்வழி வந்ததே. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948இல் இலண்டன் மகிழுந்துக் கண்காட்சியில் அறிமுகமானது. மாதிரி வண்டி குறுகலாகத் தோன்றியதால், அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி 4 அங்குலம் அகலப்படுத்தச் செய்தார். முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அதன் அடையாளம். 1.6 மில்லியனுக்கும் மேல் உற்பத்தியான இவ்வண்டியின் நான்கு மட்கார்டுகளும் திருகாணியால் பொருத்தப்பட்டவை; எளிதில் கழற்றலாம். கதவடித் தகடோ பற்றவைக்கப்பட்டது. பெட்டி வடிவிலான அப்பகுதியே வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் தொய்யாமல் தாங்கும் முதுகெலும்பு.

எனவே முதியவர் முதலில் எதையும் வெட்டவில்லை. மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்தார். வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்தினார். கதவைச் சாத்திச் சுற்றியுள்ள இடைவெளியை அளந்து குறித்துக்கொண்டார். பிறகு கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்தார். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே என்றார். கம்பித் தூரிகையால் சாயத்தைத் தேய்த்ததும், விளிம்பில் வரிசையாகச் சிறு குழிகள் தெரிந்தன. தொழிற்சாலையில் இட்ட பற்றவைப்புப் புள்ளிகள் அவை. ஒவ்வொன்றின் நடுவிலும் அடையாளம் குத்தி, அதற்கென உள்ள துளைப்பான் அலகால் பழுதுற்ற மேல்தகட்டை மட்டும் துளைத்தார். அடித்தகட்டில் துளை விழக்கூடாது. பின்னர் மெல்லிய உளியைச் செருகித் தட்டினார். தகடு விளிம்போடு பிரிந்து வந்தது.

பிரிந்த தகட்டின் பின்னால் இன்னொரு தகடு! முன்னர் எவரோ துருவை அகற்றாமல் அதன்மேலேயே புதுத்தகட்டை ஒட்டிச் சாயம் பூசியிருந்தார்கள். வெளியே பளபளப்பு, உள்ளே துரு தன் வேலையைத் தொடர்ந்திருக்கிறது. தந்தையார் அதை அறியாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்.

எனக்கு என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. எழுத்துக் கூட்டத் தடுமாறும் மாணவனுக்கு நாமும் சில வேளைகளில் தேர்வு விடைகளை மனப்பாடமாக ஒட்டிவிடுகிறோம் அல்லவா? தேர்ச்சி அறிக்கை பளபளக்கிறது.

இரு வாரங்களில் புதிய தகடு பொருந்தியது. குழாய்களை வெட்டி எடுத்ததும் முதியவர் இடைவெளியை மீண்டும் அளந்தார். மாற்றமில்லை. கதவைத் தள்ளினேன், தந்தையார் காலத்தில் கேட்ட அதே ஓசையுடன் சாத்திக்கொண்டது.