பேட்டில் ஆஃப் த செக்ஸஸ் (2017 திரைப்படம்)

பேட்டில் ஆஃப் த செக்ஸஸ், 2017 செப்டம்பரில் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். 1973 செப்டம்பர் 20 அன்று ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கும் முன்னாள் சாம்பியன் பாபி ரிக்ஸும் மோதிய டென்னிஸ் ஆட்டமே இதன் கரு. அப்போது கிங்குக்கு வயது 29, ரிக்ஸுக்கு 55. கிங்காக எம்மா ஸ்டோனும் ரிக்ஸாக ஸ்டீவ் கரெலும் நடித்தனர். இயக்கியவர்கள் ஜொனாதன் டேட்டன், வலெரி ஃபாரிஸ் தம்பதியர். ஏ.ஆர். ரகுமானுக்கு ஆஸ்கர் பெற்றுத்தந்த ஸ்லம்டாக் மில்லியனர் படத்துக்குத் திரைக்கதை எழுதிய சைமன் பியூஃபாய் இதற்கும் எழுதினார். அப்படத்தின் இயக்குநர் டேனி பாயில் இதன் தயாரிப்பாளர்களில் ஒருவர்.

வரலாற்றுப் பின்னணி

விம்பிள்டன் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவைத் திறந்த முதல் ஆண்டு 1968. ஆண்கள் பட்டம் வென்ற ராட் லேவருக்கு 2,000 பவுண்டு கொடுத்தார்கள்; பெண்கள் பட்டம் வென்ற கிங்குக்கு 750. இரண்டாண்டு கழித்து லாஸ் ஏஞ்சலிஸில் நடக்கவிருந்த பசிபிக் சவுத்வெஸ்ட் போட்டியில் இடைவெளி இன்னும் அகன்றது. ஆண் வெற்றியாளருக்கு 12,500 டாலர், பெண் வெற்றியாளருக்கு 1,500 டாலர் என்று அறிவித்தார் அமைப்பாளர் ஜாக் கிரேமர். அவரும் ஒருகாலத்தில் விம்பிள்டன் சாம்பியன்தான்.

கிங் உள்ளிட்ட ஒன்பது பெண்கள் அந்தப் போட்டியைப் புறக்கணித்தார்கள். வேர்ல்ட் டென்னிஸ் இதழை நடத்திவந்த கிளாடிஸ் ஹெல்ட்மன் ஹூஸ்டனில் அவர்களுக்கெனத் தனிப் போட்டி ஏற்பாடு செய்தார். 1970 செப்டம்பர் 23 அன்று ஒன்பது பேரும் ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். ஆதரவாளராக வந்தது வர்ஜீனியா ஸ்லிம்ஸ் சிகரெட் நிறுவனம். அமெரிக்க டென்னிஸ் சங்கம் இடைநீக்கம் செய்தபோதும் அவர்கள் பின்வாங்கவில்லை. அந்தப் போட்டி ஊர் ஊராகச் செல்லும் சுற்றாக வளர்ந்தது. 1971இல் ஒரே ஆண்டில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் பரிசு ஈட்டிய முதல் விளையாட்டு வீராங்கனை ஆனார் கிங். 1973 ஜூனில் லண்டனில் பெண்கள் டென்னிஸ் சங்கம் உருவானது. கிங்கே அதன் முதல் தலைவர்.

கதை

படம் இரு வாழ்க்கைகளை மாறிமாறிக் காட்டுகிறது. ஒருபுறம் கிங்: சுற்றைக் காப்பாற்றும் பொறுப்பும், கணவர் லாரியுடனான மணவாழ்வும், சிகையலங்காரக் கலைஞர் மரிலின் பார்னெட் மீது அரும்பும் காதலும் ஒரே நேரத்தில் அவரை அழுத்துகின்றன. அந்தக் காதல் வெளியே தெரிந்தால் ஆதரவாளர்கள் விலகுவார்கள், சுற்றே கலைந்துபோகும் என்ற அச்சம் படம் முழுக்க அவரைத் துரத்துகிறது. மறுபுறம் ரிக்ஸ்: 1939 விம்பிள்டனில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்றையும் வென்றவர், இப்போது சூதாட்டத்தை விட முடியாமல் குடும்பத்தை இழந்துகொண்டிருப்பவர்.

ஆண்களே மேல் என்று முழங்கி ரிக்ஸ் விடுக்கும் சவாலை கிங் முதலில் மறுக்கிறார். மற்றொரு முன்னணி வீராங்கனையான மார்கரெட் கோர்ட் ஏற்கிறார். 1973 மே 13 அன்று, அமெரிக்காவின் அன்னையர் தினத்தில், கோர்ட் 6-2, 6-1 என்று வீழ்ந்தார். அதற்குமேல் கிங்கால் ஒதுங்கியிருக்க முடியவில்லை.

ஆஸ்ட்ரோடோமில் 30,472 பேர் திரண்டனர்; கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் பார்த்தனர். வென்றவருக்கு ஒரு லட்சம் டாலர், தோற்றவருக்கு ஒன்றுமில்லை. கிங் பல்லக்கில் வந்தார், ரிக்ஸ் கைரிக்‌ஷாவில் வந்தார். ரிக்ஸ் பெரிய குச்சி மிட்டாய் ஒன்றைக் கொடுக்க, கிங் பன்றிக்குட்டியைப் பரிசளித்தார். பிறகு பந்தை மூலைக்கு மூலை அனுப்பி ரிக்ஸை ஓடவைத்து, 6-4, 6-3, 6-3 என்று நேர் செட்களில் வென்றார். ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறையில் கிங் தனியே அழுவதைப் படம் நீளமாகக் காட்டுகிறது. ஒரு பெண் எத்தனை சுமைகளோடு அந்த வலைக்கு முன் நின்றாள் என்பதை இக்காட்சி எந்த வசனமும் இல்லாமல் உணர்த்துகிறது. படத்தின் ஆகச்சிறந்த இடம் இதுவே.

உருவாக்கம்

ஒளிப்பதிவாளர் லினஸ் சாண்ட்கிரென் எழுபதுகளின் நிறமும் படச்சுருளின் சொரசொரப்பும் தெரியும்படி 35 மி.மீ. ஃபிலிமில் படமெடுத்தார். இறுதி ஆட்டம் பெரும்பாலும் பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பின் கோணத்திலிருந்தே காட்டப்படுகிறது. அன்றைய வர்ணனையாளர் ஹோவர்ட் கோசெல்லின் அசல் காட்சிகளையும் சேர்த்துள்ளனர். இசை நிக்கோலஸ் பிரிட்டெல். ஹெல்ட்மனாக சாரா சில்வர்மன், கிரேமராக பில் புல்மன், உடை வடிவமைப்பாளர் டெட் டின்லிங்காக ஆலன் கம்மிங் நடித்தனர்.

வரலாறும் திரையும்

1970 முதல் 1973 வரையிலான நிகழ்வுகளைப் படம் சில மாதங்களில் நடந்தவைபோலச் சுருக்குகிறது. பார்னெட் தொடர்ந்த வழக்கால் 1981இல் அந்த உறவு ஊரறிய வெளிப்பட்டது. கிங் அஞ்சியபடியே விளம்பர ஒப்பந்தங்கள் கைவிட்டுப்போயின. படத்தின் கதை அதுவரை செல்வதில்லை.

சமப் பரிசு இந்த ஆட்டத்தின் விளைவு என்று பலர் கருதுவது தவறு. ஆட்டத்துக்குச் சில நாள் முன்பே, 1973 அமெரிக்க ஓப்பனில் பட்டம் வென்ற ஜான் நியூகோம்பும் மார்கரெட் கோர்ட்டும் தலா 25,000 டாலர் பெற்றிருந்தனர். மூன்றாண்டுப் புறக்கணிப்பும் பேச்சுவார்த்தையும் ஈட்டிய பலன் அது. ஹூஸ்டன் வெற்றி அந்தப் போராட்டத்தை டென்னிஸ் பார்க்காத வீடுகளுக்கும் கொண்டுசேர்த்தது.

வரவேற்பும் பின்விளைவும்

விமர்சகர்கள் இரு முதன்மை நடிகர்களையும் பாராட்டினர். இருவரும் கோல்டன் குளோப் பரிந்துரை பெற்றனர். வசூலில் படம் செலவை எட்டவில்லை.

படம் காட்டும் கோரிக்கை முழுமையாக நிறைவேற அதன்பின் பல பத்தாண்டுகள் ஆயின. ஆஸ்திரேலிய ஓப்பன் 2001 முதல் நிலையாகச் சமப் பரிசு வழங்குகிறது. வீனஸ் வில்லியம்ஸ் உள்ளிட்டோர் தொடர்ந்து வலியுறுத்திய பிறகு, 2007இல் விம்பிள்டனும் இசைந்தது. அவ்வாண்டு அங்கே பட்டம் வென்ற வீனஸும் ரோஜர் ஃபெடரரும் தலா 7,00,000 பவுண்டு பெற்றனர்.