உலை வைத்த கை

பசித்த பிள்ளைக்கு உலை வைக்கும் கையிலும் சாதி தேடிய கொடுமை நம் கொங்கு மண்ணிலேயே நிகழ்ந்தது. காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவு, 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஒரே பந்தியில் அமர்ந்தனர்; அடுப்படிக் கதவோ நம் பெண்டிருக்கு எளிதில் திறக்கவில்லை.

2009 வரை கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவிநாசி வட்டத்தில், திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்கு 2018 சூலையில் சமையலராக மாற்றலாகி வந்தார், அருந்ததியர் குலத்து அம்மையார் ஒருவர். அவர் சமைக்கலாகாது என ஆதிக்க சாதிப் பெற்றோர் சிலர் தடுத்தனர். அதிகாரிகள் இடம் மாற்றியது யாரை? சமைக்க வந்தவரை! கிளர்ச்சி எழுந்தது. அவ்வாணை நீக்கப்பெற்றது, தடுத்தோர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று. அம்மையார் அதே பள்ளியின் அடுப்படிக்கு மீண்டார்.