வயலுக்கு சீட்டுக் குலுக்கிய காலம்: நெல்லையின் 'கரையீடு' முறை என்றால் என்ன?

அப்பா விட்டுட்டுப் போன ரெண்டு ஏக்கர் நஞ்சை. பிள்ளைகள் 4 பேர். வாய்க்கால் ஓரத்து வயல் யாருக்கு, கடைமடை வயல் யாருக்கு? சேரன்மகாதேவி சப்-கலெக்டர் அலுவலகம் போன்ற வருவாய்த் துறை அலுவலகங்களுக்கு வரும் நிலத் தகராறுகளில் இதுவும் ஒன்று. இந்தக் கேள்விக்கு தாமிரபரணிக் கரை ஊர்கள் ஒரு காலத்தில் வேறு மாதிரி பதில் வைத்திருந்தன. அதன் பெயர் 'கரையீடு'.

சேரன்மகாதேவியின் பழைய பெயர் தெரியுமா?

சோழர் காலக் கல்வெட்டுகளில் இந்த ஊர் முள்ளிநாட்டைச் சேர்ந்த 'நிகரிலிசோழச் சதுர்வேதிமங்கலம்' என்று குறிப்பிடப்படுகிறது. சதுர்வேதிமங்கலம் என்றால் வேதம் ஓதும் பிராமணர்களுக்கு அரசர் வழங்கிய பிரம்மதேய ஊர். இப்படிப்பட்ட ஊர்களில் நிலம் ஒரே ஆளுக்குப் போகாது. பல குடும்பங்களுக்குப் 'பங்கு' என்ற கணக்கில் பிரிக்கப்படும். ஒருவருக்கு ஒரு பங்கு, இன்னொருவருக்கு அரைப் பங்கு, கால் பங்கு என்று இருக்கும். இந்த உரிமையைத்தான் 'காணி' என்றார்கள். பின்னாளில் அதுவே 'மிராசு' ஆனது. பிராமணர் ஊர்களில் மட்டுமின்றி வேளாளர் ஊர்களிலும் இந்தப் பங்கு முறை இருந்தது.

கரையீடு எப்படி நடந்தது?

முதலில் ஊரின் நஞ்சை முழுவதையும் சில தொகுதிகளாகப் பிரிப்பார்கள். ஒரு தொகுதிக்குப் பெயர் 'கரை'. ஒவ்வொரு கரையிலும் நல்ல வயலும் இருக்கும், சுமாரான வயலும் இருக்கும். கரைக்குள் பங்குகள். பிறகு பங்குதாரர்கள் கூடி சீட்டுப் போடுவார்கள். சீட்டில் எது விழுகிறதோ, அந்த வயலில் குறிப்பிட்ட சில வருஷங்களுக்கு அவர் பயிர் செய்யலாம். தவணை முடிந்ததும் மறுபடியும் சீட்டு. எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்பது ஊருக்கு ஊர் மாறும்.

அதாவது, பங்கு நிரந்தரம். வயல் நிரந்தரம் இல்லை.

ஏன் இந்த ஏற்பாடு?

காரணம் தண்ணீர். தாமிரபரணியில் அணைக்கட்டுகளில் இருந்து கன்னடியன் போன்ற கால்வாய்கள் பிரிகின்றன. தலைமடையில் இருப்பவருக்கு தண்ணி முதல்ல வரும். கடைமடைக்கு வந்து சேர நாளாகும். கார் சாகுபடியில் தண்ணீர் குறைந்தால் முதல் அடி கடைமடைக்குத்தான். பிசானத்தில் வெள்ளம் வந்தால் தாழ்வான வயல் மூழ்கும். நல்லதையும் கெட்டதையும் எல்லோரும் மாறி மாறி அனுபவித்தால் சண்டை குறையும் என்பதே கணக்கு.

இப்படி அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் முறைக்குப் 'பசுங்கரை' என்று பெயர். இனி மாற்ற வேண்டாம், அவரவர் வயல் அவரவருக்கே என்று முடிவாகப் பிரித்துவிட்டால் அது 'அறுதிக்கரை'.

பைபிளிலும் இதே கதையா?

நெல்லை தேவாலயங்களில் யோசுவா புத்தகம் கேட்டவர்களுக்கு இது பழகிய கதை போலத் தோன்றும். இஸ்ரவேல் கோத்திரங்களுக்கு கானான் தேசம் சீட்டுப் போட்டே பிரிக்கப்பட்டதாக அந்தப் புத்தகம் சொல்கிறது. பங்கு கிடைக்காமல் இருந்த 7 கோத்திரங்களுக்கு, கோத்திரத்துக்கு 3 பேரை அனுப்பி நிலத்தைப் பார்த்து எழுதி வரச் சொல்லி, சீலோவில் யோசுவா சீட்டுப் போட்டார். பெரிய கோத்திரத்துக்குப் பெரிய பங்கு என்பது விதி. இது எந்த அளவுக்கு நடந்த வரலாறு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இரண்டுக்கும் பெரிய வித்தியாசங்களும் உண்டு. அங்கே சீட்டு ஒரே தடவைதான். விற்ற நிலம்கூட 50-வது ஆண்டான யூபிலியில் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்பது சட்டம். இங்கே சீட்டு திரும்பத் திரும்ப வந்தது. அங்கே ஆலயப் பணி செய்த லேவியருக்கு தனி நிலப்பகுதி கிடையாது, குடியிருக்க 48 ஊர்கள் மட்டுமே. இங்கே பிரம்மதேயத்தில் நிலமே வேதம் ஓதியவர்களுக்குத்தான்.

யாருக்குப் பங்கு இல்லை?

சீட்டு நியாயமாக இருந்தது, ஆனால் பங்குதாரர்களுக்குள் மட்டும். சேற்றில் இறங்கி நட்டு, களையெடுத்து, அறுத்த பண்ணையாட்கள் சீட்டுக் குலுக்கும் இடத்தில் நிற்கவே முடியாது. அவர்களில் பலர் அடிமை நிலையில் இருந்தார்கள். அடிமை முறைக்கு சட்ட அங்கீகாரம் நீங்கியதே 1843-ல்தான். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு பஞ்சமி நிலம் ஒதுக்கும் அரசாணை 1892-ல் வந்தது.

கரையீடு ஏன் மறைந்தது?

1801-ல் நெல்லைச் சீமை ஆங்கிலேயர் நேரடி ஆட்சிக்குள் வந்தது. அதன்பின் வந்த ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு வயலுக்கும் சர்வே எண், ஒவ்வொரு எண்ணுக்கும் பட்டாதாரர், அவர் பெயரில் தீர்வை. சில வருஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் வயலை இந்தக் கணக்கில் எழுத முடியாது. நிலத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் நிலையான வயலே வசதியாக இருந்தது. பசுங்கரை மெல்ல அறுதிக்கரை ஆனது.

சரி, இன்றைக்கு மகளுக்குப் பங்கு உண்டா?

பைபிளில் செலொப்பியாத் என்பவருக்கு மகன் இல்லை. அவருடைய 5 மகள்கள் மோசேயிடம் போய் பங்கு கேட்டு வாங்கினார்கள். ஆனால் சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே திருமணம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை வந்தது.

இங்கே இந்து கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு சம உரிமை தரும் சட்டத்தை தமிழ்நாடு 1989-ல் கொண்டுவந்தது. ஆனால் 25.3.1989-க்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் வந்த மத்திய சட்டத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவுபடுத்தியது. 20.12.2004-க்கு முன்பே முறையாகப் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையை இந்தத் திருத்தம் தொடாது. கிறிஸ்தவக் குடும்பங்களில், உயில் இல்லாவிட்டால், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு.

என்ன செய்யணும்?

வாய்ப்பேச்சில் 'நீ மேல வயல், நான் கீழ வயல்' என்று பிரித்துக்கொண்டு விட்டுவிடாதீங்க. பாகப்பிரிவினைப் பத்திரத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சர்வேயர் அளந்து தனி உட்பிரிவு எண் கொடுத்த பிறகே கூட்டுப் பட்டா தனிப் பட்டாவாகும். பத்திரத்தில் வாய்க்கால் மடை, வரப்பு, வண்டிப்பாதை உரிமைகளையும் எழுதிக்கொள்வது நல்லது. அன்று கரையீடு தீர்க்கப் பார்த்த தண்ணீர்ச் சண்டை, இன்று பெரும்பாலும் இந்த மூன்றில்தான் தொடங்குகிறது.