தேரை நிறுத்திய சாரதி

1865-ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. நீராவியால் ஓடும் வண்டி சாலையில் வருமானால், அதை நடத்துவதற்குக் குறைந்தது 3 பேர் இருக்கவேண்டும். அவர்களில் ஒருவர் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு வண்டிக்கு 60 கஜ தூரம் முன்னால் நடந்து போகவேண்டும். நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல். அதற்குமேல் வேகம் கூடாது.

இதைப் படிக்கிறவர்களுக்கு இன்று சிரிப்பு வரும். நத்தைக்குக் காவல் வைத்த கதையாக அல்லவா இருக்கிறது! குதிரை வண்டிக்காரர்களும் ரயில்வே முதலாளிகளும் நீராவி வண்டியை ஒழித்துக்கட்டுவதற்காகச் செய்த சூழ்ச்சி என்றுகூடச் சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால் கேலியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் அந்தச் சட்டத்தில் ஒரு கணக்கு இருப்பது தெரியும். கனமான யந்திரம் ஒன்றை மனிதர்கள் நடமாடும் பாதையில் விடுவதென்றால், அதைப் பார்த்துக்கொள்ள எத்தனை பேருடைய கவனம் வேண்டும்? மூன்று பேருடைய கவனம் வேண்டும் என்று அந்தக் காலத்து மனிதர்கள் கணக்குப் போட்டார்கள்.

நம்முடைய மாட்டு வண்டிக்கு இந்தக் கணக்கே தேவைப்படவில்லை. சந்தை முடிந்து இரவில் திரும்பும் வண்டிக்காரன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவான். மாடுகள் தூங்குவதில்லை. பள்ளம் வந்தால் ஒதுங்கும். எதிரே ஆள் வந்தால் நிற்கும். கடைசியில் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடும். வண்டிக்காரனுக்கு இரண்டு கண் என்றால், வண்டிக்கு இன்னும் நாலு கண் இருந்தது. மோட்டார் வண்டி பிறந்தபோது அதற்கு எஞ்சின் இருந்தது, விளக்கு இருந்தது, ஹாரன் இருந்தது. பார்ப்பதற்குக் கண்ணும், தன் உயிருக்குப் பயப்படுவதற்கு ஒரு மனமும் மட்டும் இல்லை. அவை இரண்டையும் ஓட்டுகிறவர்தாம் தரவேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் 1878-ல் சிவப்புக் கொடி போயிற்று. முன்னால் நடக்கும் ஆள் மட்டும் மிஞ்சினார். 1896 நவம்பரில் வந்த புதுச் சட்டம் இலேசான மோட்டார் வண்டிகளைப் பொறுத்தவரையில் அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேகத்தை 14 மைலாக உயர்த்தியது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான், ஆகஸ்டு 17-ஆம் தேதி, லண்டன் கிரிஸ்டல் பாலஸ் மைதானத்தில் பிரிஜெட் டிரிஸ்கல் என்னும் பெண்மணி மோட்டார் வண்டி மோதி இறந்துபோனார். பிரிட்டனில் மோட்டார் காருக்குப் பலியான முதல் பாதசாரி அவர்தாம். மரண விசாரணை செய்த அதிகாரி, இம்மாதிரிச் சம்பவம் இனி ஒருபோதும் நேராது என்று நம்புவதாகச் சொன்னார். நல்ல மனிதர்! அந்த நம்பிக்கை என்ன ஆயிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, மூன்று பேர் பார்த்த வேலை ஒரே ஒருவர் தலையில் வந்து விழுந்தது. அந்த ஒருவராவது முழு மனத்துடன் இருக்கிறாரா? அதுதான் அடுத்த நூறு ஆண்டுக் கதை.

1930-ல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவருடைய கம்பெனி காரில் பொருத்தும் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்கு 'மோட்டரோலா' என்று பெயரிட்டது. ஓடுகிற வண்டியில் பாட்டுக் கேட்டால் ஓட்டுகிறவரின் கவனம் சிதறாதா என்ற கேள்வி உடனே கிளம்பியது. இதைத் தடை செய்யவேண்டும் என்ற பேச்சும் சில இடங்களில் எழுந்தது. ஆனால் ரேடியோவிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அது பதில் கேட்பதில்லை. எதிரே லாரி வரும்போது நாம் கேளாமல் இருந்துவிட்டால் அதற்குக் கோபம் வராது, பாடிக்கொண்டே இருக்கும்.

டெலிபோன் அப்படிப்பட்டதல்ல. 1946 ஜூன் 17-ஆம் தேதி, மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த செயிண்ட் லூயிஸ் நகரத்தில், பெல் கம்பெனியின் கார் டெலிபோனில் முதல் அழைப்பு போயிற்று. அந்தக் கருவியின் கனம் ஏறக்குறைய 36 கிலோ. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண்மணியைக் கூப்பிட்டு, அவர் இணைப்புக் கொடுத்தால்தான் பேசலாம். ஊர் முழுவதிலும் ஒரே சமயத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே பேச முடியும். ஆகையால் அபாயமும் விரல்விட்டு எண்ணும்படியாகவே இருந்தது. ஆனால் ஒரு புதுமை அன்றைக்கே நடந்துவிட்டது. சாலையைப் பார்க்காத ஒருவர், சாலையில் போகும் ஒருவரிடம் பதில் கேட்கத் தொடங்கினார்.

இதில் உள்ள ஆபத்து அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மோட்டரோலாவில் வேலை பார்த்த மார்ட்டின் கூப்பர் என்னும் எஞ்சினீயர், 1960-களின் தொடக்கத்திலேயே மிச்சிகன் மாநில விசாரணைக் குழு ஒன்றின் முன் இதைப்பற்றிச் சாட்சியம் சொன்னாராம். வண்டி ஓடும்போது எண்ணைச் சுழற்ற முடியாதபடி டெலிபோனுக்கு ஒரு பூட்டு வேண்டும் என்பது அவர் கருத்து. பல ஆண்டுகள் கழித்து அவரே ஒரு பத்திரிகைக்குச் சொன்ன செய்தி இது. இந்தக் கூப்பர்தாம் 1973 ஏப்ரல் 3-ஆம் தேதி நியூயார்க் நகரத் தெருவில் நின்றுகொண்டு உலகத்தின் முதல் கைப்பேசியில் பேசியவர். அன்றைக்கு அவர் பல பேருடன் பேசினார். ஒரு ரேடியோ நிருபருடன் பேசிக்கொண்டே தெருவைக் கடந்ததும் அதில் ஒன்று. தம் வாழ்க்கையில் செய்த அபாயகரமான காரியங்களில் அதுவும் சேரும் என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். செல்போனின் தந்தை, செல்போன் பிறந்த நாளன்றே, அதன் குணத்தைத் தெரிந்துகொண்டுவிட்டார்!

விஞ்ஞானிகளும் சும்மா இருக்கவில்லை. 1969-ல் பிரிட்டனில் ஐவான் பிரவுன் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை நடத்தி முடிவுகளை வெளியிட்டார்கள். 24 பேரைக் கார் ஓட்டச் சொன்னார்கள். பாதையில் ஆங்காங்கே இடைவெளிகள். சிலவற்றில் கார் நுழையும், சிலவற்றில் நுழையாது. நுழையுமா நுழையாதா என்று பார்த்து ஓட்டவேண்டும். அதே சமயத்தில் டெலிபோனில் கேட்கும் வாக்கியம் சரியா தவறா என்றும் பதில் சொல்லவேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பும் பழக்கத்தில் அதிகக் கோளாறு இல்லை. கை தன் வேலையைச் செய்தது. கெட்டுப்போனது தீர்மானம். நுழைய முடியாத சந்தில் நுழையலாம் என்று நினைத்தார்கள். கை பழக்கத்தால் ஓட்டுகிறது, மனம்தான் தீர்மானிக்கிறது, டெலிபோன் பிடுங்கிக்கொள்வது மனத்தை என்ற உண்மை அன்றைக்கே அச்சில் ஏறிவிட்டது.

1997-ல் கனடாவின் டொரண்டோ நகரில் ரெடெல்மயர், திப்ஷிரானி என்ற இருவர் வேறு வழியில் ஆராய்ந்தார்கள். விபத்துக்கு ஆளான, செல்போன் வைத்திருந்த 699 பேருடைய 26,798 அழைப்புகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். விபத்துக்குச் சற்று முன்னால் அவர் பேசினாரா? அதற்கு முந்திய நாளில் அதே நேரத்தில் பேசினாரா? ஒருவரை அவரோடேயே ஒப்பிட்டார்கள். பேசும்போது விபத்து நேரும் அபாயம் சுமார் நாலு மடங்கு என்று விடை வந்தது. குடித்துவிட்டு ஓட்டுவதை எந்த அளவில் சட்டம் குற்றமாக்குகிறதோ, ஏறக்குறைய அந்த அளவு அபாயம்! கையில் பிடிக்காமல் பேசும் கருவி வைத்திருந்தவர்களுக்காவது பாதுகாப்பு இருந்ததா? இல்லை.

ஏன் இல்லை என்பதை யூட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த டேவிட் ஸ்டிரேயர் குழுவினர் 2003-ல் காட்டினார்கள். கார் ஓட்டுவதுபோன்ற பாவனை யந்திரத்தில் ஆட்களை உட்கார்த்தி, கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துக் கவனித்தார்கள். டெலிபோனில் பேசியவர்களுடைய கண் சாலையோர விளம்பரப் பலகைமேல் பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எதைப் பார்த்தீர்கள் என்று பிறகு கேட்டால் அவர்களால் சரியாக அடையாளம் காட்ட முடியவில்லை. விழி திறந்திருக்கிறது, பார்வை இல்லை. "பார்த்துக்கொண்டுதான் சார் வந்தேன், திடீரென்று குறுக்கே வந்துவிட்டான்" என்று விபத்துக்குப்பின் ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே பார்த்தார், உண்மையாகவே காணவில்லை.

அப்படியானால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசுவதும் தவறல்லவா என்று கேட்கலாம். 'டிரைவருடன் பேசாதீர்கள்' என்று நம் ஊர்ப் பஸ்களில் எழுதி வைத்தவர்கள் அசடர்களா? அல்ல. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. பக்கத்தில் இருப்பவருக்கும் அந்தச் சாலைதான் தெரிகிறது. அவருக்கும் அந்த வண்டியில்தான் உயிர் இருக்கிறது. வளைவு வந்தால் அவர் பேச்சு தானாக நிற்கும். "பார்த்து, பார்த்து" என்பார். 1865-ஆம் வருஷத்துக் கொடிக்காரர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதையும் யூட்டாவில் 2008-ல் சோதித்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் குறிப்பிட்ட இடத்தில் திரும்பவேண்டும் என்று சொல்லி அனுப்பியபோது, செல்போனில் பேசியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அந்தத் திருப்பத்தைத் தவறவிட்டார்கள். நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசியவர்களில் மிகச் சிலரே தவறவிட்டார்கள். டெலிபோனின் மறுமுனையில் இருப்பவருக்கோ லாரி தெரியாது, குழந்தை ஓடுவது தெரியாது. "என்ன, பதிலே காணோம்?" என்பார்.

இவ்வளவும் தெரிந்த பிறகு சட்டம் என்ன செய்தது? கையைப் பிடித்தது. 2001-ல் நியூயார்க் மாநிலம் செல்போனைக் கையில் பிடித்துப் பேசுவதைத் தடை செய்தது. 2003 டிசம்பரில் பிரிட்டனும் செய்தது. இந்தியாவில் 1995 ஜூலை 31-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து முதல்மந்திரி ஜோதி பாசு டில்லியிலிருந்த மந்திரி சுக்ராமுடன் செல்போனில் பேசினார். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில், ஓட்டும்போது கையில் பிடிக்கும் செல்போனை உபயோகிப்பது அபாயகரமான ஓட்டுதல் என்று வெளிப்படையாக எழுதப்பட்டது. முதல் குற்றத்துக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. போலீஸ்காரர் கண்ணுக்குக் கைதான் தெரியும். மனம் எங்கே போயிருக்கிறது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஆனால் ஜனங்கள் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம்தான் விபரீதமானது. கையில் பிடித்தால் குற்றம், காதில் மாட்டினால் க்ஷேமம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பேச்சோடு நின்றிருந்தாலும் ஒருவாறு பொறுக்கலாம். குறுஞ்செய்தி வந்து, மனத்தோடு கண்ணையும் கேட்டது. 2010 ஆகஸ்டு 5-ஆம் தேதி மிசௌரி மாநிலத்தில் கிரே சம்மிட் என்னும் இடத்தில், சாலை வேலை நடந்ததால் வாகனங்கள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. பிக்கப் வண்டி ஓட்டி வந்த 19 வயது இளைஞர் முன்னால் போன லாரியின்மேல் மோதினார். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த பஸ் அதன்மேல் மோதியது. அந்தப் பஸ்ஸின்மேல் இன்னொரு பஸ் மோதியது. அந்த இளைஞரும் பஸ்ஸில் இருந்த ஒரு குழந்தையும் இறந்தார்கள். 38 பேருக்குக் காயம். மோதலுக்கு முந்திய 11 நிமிஷங்களில் அவர் அனுப்பியதும் பெற்றதுமாக 11 செய்திகள் இருந்தன. இளம் வயதினர் ஓட்டும்போது குறுஞ்செய்தி அனுப்பக்கூடாது என்ற சட்டம் அந்த மாநிலத்தில் அப்போதே அமலில் இருந்தது. விசாரணை செய்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கையில் பிடிக்காமல் பேசுவதையும் சேர்த்தே தடை செய்யவேண்டும் என்று 2011 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் சிபாரிசு செய்தது. மனத்தைப்பற்றிப் பேசிய சிபாரிசு அது. மாநிலங்கள் கையோடு நிறுத்திக்கொண்டன.

கிரே சம்மிட்டுக்கும், 1946-ல் முதல் கார் டெலிபோன் ஒலித்த செயிண்ட் லூயிஸுக்கும் இடையே தூரம் சுமார் 60 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தைக் கடக்க 64 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அமெரிக்காவரை போவானேன்? நம் ஊர்த் தெருமுனையில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே செல்போனைச் செருகிக்கொண்டு ஒருவர் போவார். ஹெல்மெட் இல்லாதவர் கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்துத் தோளால் அதை இடுக்கிக்கொண்டு போவார். நிறுத்திக் கேட்டால் "ஒரே நிமிஷம்தான்" என்பார்கள். ஒரு நிமிஷம் வேண்டாம். ஐந்து விநாடி எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து விநாடிக்குள் வண்டி 83 மீட்டர் போய்விடும். ஒரு தெருவில் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்கு இது சமானம். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டு என்றால் எவரும் சம்மதிக்கமாட்டார்கள். செய்தி வந்திருக்கிறது, பார் என்றால் சம்மதித்துவிடுகிறார்கள்.

நம் பெரியவர்கள் கீதைக்கு எத்தனையோ வியாக்கியானம் எழுதியிருக்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு உபயோகமான சங்கதி ஒன்று அதன் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. அர்ஜுனன் மனக் கலக்கம் கொண்டு பேச ஆரம்பித்தபோது தேர் ஓடிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு சேனைகளுக்கும் நடுவே அதைக் கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான் பேச்சு தொடங்குகிறது. பதினெட்டு அத்தியாயமும் நின்ற தேரில் நடந்த சம்பாஷணை. பகவானே சாரதியாக இருந்தும் அப்படி! நம்முடைய பேச்சோ பெரும்பாலும் "எங்கே இருக்கிறாய்?", "தக்காளி வாங்கினாயா?" என்பதுதான். அதற்கு வண்டியை ஓரமாக நிறுத்த நமக்கு நேரம் இல்லை.

ஓட்டுகிறவரை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயம் ஆகாது. ஒவ்வொரு அழைப்புக்கும் இரண்டு முனை உண்டு. அவர் வீட்டுக்குப் புறப்பட்டிருப்பார் என்று தெரிந்தே கூப்பிடும் மனைவி, லாரி டிரைவர் எங்கே வருகிறார் என்று அரைமணிக்கு ஒருமுறை விசாரிக்கும் முதலாளி, உணவுப் பொட்டலம் கொண்டுவரும் பையனை "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று துரிதப்படுத்தும் நாம் — எல்லாரும் அந்த வண்டியின் ஸ்டியரிங்கில் ஒரு கை வைக்கிறோம். பையனுக்குப் பிழைப்பு, எடுக்காமல் இருக்க முடியாது. நமக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. எடுத்தவுடன் காற்றின் இரைச்சலோ ஹாரன் சத்தமோ காதில் விழுந்தால், "ஓட்டிக்கொண்டிருக்கிறாயா? அப்புறம் பேசுகிறேன்" என்று சொல்லி நாமே வைத்துவிடலாம். வீட்டில் இருந்தபடியே சிவப்புக் கொடி பிடிக்க நமக்குக் கிடைத்திருக்கும் வழி இது. இதற்குச் சட்டம் வரவேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.