குற்றால அருவிகளை மெதுவான ஷட்டரில் படமெடுத்தல்

கேமராவின் ஷட்டரைக் கால் நொடியிலிருந்து பல நொடிகள் வரை திறந்து வைத்து, விழும் நீரைத் துளிகளாக அல்லாமல் நூலிழைகளாகப் பதிவு செய்வது மெதுவான ஷட்டர் முறை. பகலில் ஷட்டரை இவ்வளவு நேரம் திறந்தால் படம் வெளிறிப்போகும். அதைத் தடுக்க லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் சாம்பல் நிறக் கண்ணாடியே என்.டி. ஃபில்டர். நடுநிலை அடர்த்தி வடிகட்டி என்றும் எழுதுவார்கள். நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைப்பதால் அந்த ‘நடுநிலை’. தென் தமிழ்நாட்டில் இந்தக் கலைக்கு மிகப் பொருத்தமான களம் தென்காசி மாவட்டத்துக் குற்றாலம்.

குற்றாலத்திலிருந்து தள்ளி, திருநெல்வேலி–சங்கரன்கோவில் சாலையில் இருக்கும் பனவடலிசத்திரத்தில் அருவி இல்லை. வடலி என்றால் இளம்பனை. ஊர்ப்பெயரே அது எப்படிப்பட்ட நிலம் என்று சொல்லிவிடும். ஆனாலும் குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதை இந்தப் பக்கத்து மக்கள் காற்றை வைத்தே அறிவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து கீழே இறங்கும்போது, மழையைப் பெரும்பாலும் மலையிலேயே விட்டுவிடுகிறது. குற்றாலத்துக்குச் சாரல் கிடைக்க, சங்கரன்கோவில் வட்டாரத்துக்கு வெறும் மேகாத்துதான் (மேல்காற்று) மிச்சம். ஆனி, ஆடியில் இங்கே பனையோலை விடாமல் சலசலத்தால் சுரண்டை, தென்காசி வழியாகக் குற்றாலத்துக்கு வண்டி ஏறலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் இந்தச் சீசனின் மேகமூட்டம் குளிக்க வருபவர்களுக்குச் சுகம். படமெடுப்பவர்களுக்கோ அது பெரிய வரம். வெயில் இல்லாததால் வெண்ணீருக்கும் கரும்பாறைக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு குறைந்து, இரண்டையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர முடிகிறது.

ஃபில்டர்களின் எண்களைப் புரிந்துகொள்வது எளிது. என்.டி.8 வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும். அதாவது 3 ஸ்டாப்; ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். என்.டி.64 என்பது 6 ஸ்டாப், என்.டி.1000 என்பது ஏறத்தாழ 10 ஸ்டாப். ஃபில்டர் இல்லாமல் கிடைக்கும் ஷட்டர் நேரத்தை அந்த எண்ணால் பெருக்கினால் புதிய நேரம் வந்துவிடும். சாரல் நாள் ஒன்றில் ஐ.எஸ்.ஓ. 100, அபெர்ச்சர் எஃப்/11 என்று வைத்தால், ஷட்டர் 1/25 நொடி அளவில் நிற்கும். என்.டி.8 மாட்டினால் அது ஏறக்குறைய ⅓ நொடி ஆகும். என்.டி.64க்கு இரண்டரை நொடி, என்.டி.1000க்கு 40 நொடி. மேகம் விலகி நல்ல வெயில் அடித்தால் கணக்கு 1/200 நொடிக்கு மாறிவிடும்; அதே ⅓ நொடியைப் பெற என்.டி.64 தேவைப்படும். ஃபில்டர் இல்லாமல் அபெர்ச்சரை எஃப்/22 வரை சுருக்கியும் நேரத்தை நீட்டலாம். ஆனால் ஒளியின் விளிம்பு விளைவால் படத்தின் கூர்மை மழுங்கும்.

எத்தனை நொடி என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். 10 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் நீர், கீழே வரும்போது நொடிக்கு 14 மீட்டர் வேகத்தை எட்டியிருக்கும். 1/1000 நொடியில் அது நகர்வது ஒன்றரைச் சென்டிமீட்டர்கூட இல்லை. துளி துளியாகவே படத்தில் நிற்கும். ⅓ நொடியில் நாலரை மீட்டருக்கு மேல் நகர்வதால் இழையாக நீள்கிறது. குற்றாலத்தின் பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீச்சில் விழுவதில்லை. இடையில் பொங்குமாக்கடல் என்னும் ஆழமான பாறைக் குழியில் விழுந்து, அங்கிருந்து பொங்கித்தான் கீழே இறங்குகிறது. அந்தப் பொங்கலும், பாறையில் மோதிச் சிதறும் நீரின் கனமும் படத்தில் தெரிய வேண்டும். 20, 30 நொடி திறந்து வைத்தால் எல்லாம் கலந்து வெள்ளை வேட்டியை உலர்த்தியதுபோல் ஆகிவிடுகிறது. எனவே நீர் நிறைந்த நாளில் பேரருவிக்கு ¼ முதல் ½ நொடியே அழகு. ஐந்தருவியில் கிளைகள் தனித்தனியே தெரிய 1 நொடி வரை போகலாம். பழைய குற்றாலத்திலும் புலியருவியிலும் நீர் மெலிந்திருக்கும் நாள்களில் 2 நொடி கொடுத்தால் பாறைப் படிகளில் வழியும் நீருக்குப் பட்டின் சாயல் வரும். இந்தக் கணக்குப்படி குற்றாலத்துக்கு என்.டி.8, என்.டி.64 இரண்டும் போதும். என்.டி.1000 வாங்கும் பணத்துக்கு நல்ல முக்காலி ஒன்று வாங்கலாம்.

பேரருவிக்கு எதிரே உள்ள பாலத்தில் முக்காலி போடுபவர்கள் நினைவில் வைக்க வேண்டியது: ஆட்கள் நடக்கும்போது பாலம் லேசாக அதிரும். நடமாட்டம் ஓயும்வரை காத்திருந்து, இரண்டு நொடி டைமரில் எடுப்பது நல்லது. முக்காலியில் இருக்கும்போது ஆட்டக் குறைப்பு வசதியை அணைத்துவிட வேண்டும். அடர்த்தியான ஃபில்டரை மாட்டுமுன்பே ஃபோகஸ் செய்து பூட்டிவிடுவது வழக்கம். மாட்டிய பிறகு கேமராவுக்கு எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. சாரல் ஃபில்டரின் மேல் பொடித்துளிகளாகப் படியும். கைக்குட்டையால் துடைத்தால் ஈரம் பரவி, படத்தின் நடுவே மங்கலான வட்டம் விழும். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி இரண்டு மூன்று எடுத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் முன் ஒருமுறை துடைத்து, ஷட்டர் அழுத்தும் கணம் வரை லென்ஸின் முன்னால் துணியைப் பிடித்திருப்பது அனுபவசாலிகளின் வழி. நனைந்த பாறையின் பளபளப்பைக் குறைக்கப் போலரைசரும் உதவும். அதுவே ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் எடுத்துக்கொள்ளும்.

குற்றாலம் முதலில் குளியல் தலம், அப்புறம்தான் படமெடுக்கும் இடம். மெதுவான ஷட்டரில் முகங்கள் கலைந்துபோகும் என்பதற்காகக் குளிப்பவர்களை நோக்கிக் கேமராவைத் திருப்பக் கூடாது. பெண்கள் குளிக்கும் பக்கம் அறவே கூடாது. ஆளில்லாத அருவி வேண்டுமானால் விடியற்காலையில் வரலாம், அல்லது குளிக்கத் தடை போட்ட நாளில் பாலத்திலேயே நின்று எடுக்கலாம். பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் கொட்டும் அந்த நாள்களில்தான் பேரருவி தன் முழு உருவத்தைக் காட்டும். அப்போது ¼ நொடிக்கு மேல் திறக்கவே வேண்டாம்.

ஆரம்பகாலப் புகைப்படக்காரர்களுக்கு மெதுவான ஷட்டர் விருப்பமல்ல, கட்டாயம். அன்றைய நெகட்டிவ்களுக்கு அவ்வளவு வெளிச்சம் வேண்டியிருந்தது. இன்றைய செல்போன்கள் கண்ணாடி ஏதுமின்றிப் பல ஃபிரேம்களை அடுக்கிச் சேர்த்து அதே விளைவைத் தருகின்றன. ஐபோனில் இந்த வசதி 2017 முதல் உண்டு.

எந்தக் கருவியில் எடுத்தாலும் ஓர் எச்சரிக்கை: 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது, அவன் பிழைக்கவில்லை. மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. வ்யூஃபைண்டரில் கண் வைத்து நொடிகளை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு அது இன்னும் தெரியாது. நீரின் நிறம் கலங்கினாலோ, இரைச்சல் கூடினாலோ, படம் பாதியில் இருந்தாலும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.